சிக்கன மயானத்தின் முதல் பயனாளி

"இது அத்தனையும் எதுக்கும்மா?"

கேட்டவர் சங்கரசுப்பு, எரிசக்திச் சிக்கன மாதிரிக் கிராமத் திட்டத்தின் விரிவாக்க அலுவலர். எண்பத்தைந்தாம் வருசம் தை மாதக் கடைசியில், சங்கரன்கோவிலிலிருந்து ஜீப்பில் கீழப்பாறைக்குளத்துக்கு வந்திருந்தார். ஜீப் தெருமுனையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைத்தால் மறுபடி கிளம்பாது, பத்துப் பேர் தள்ள வேண்டும். ஆகவே அவர் எந்த ஊரில் எரிபொருள் சிக்கனம் பற்றிப் பேசினாலும், பேசி முடிக்கிற வரைக்கும் ஜீப் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவர் கை காட்டியது பேச்சி வீட்டுச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த வறட்டியை.

"அவுகளுக்கு," என்றாள் பேச்சி.

"எவங்களுக்கு?"

பேச்சி வீட்டுக்குள்ளே கிடந்த கட்டிலைக் காட்டினாள். கட்டிலில் அவள் புருசன் சண்முகையா படுத்திருந்தார். நாலு மாசமாக இருமல். திருநெல்வேலி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிரியப்பட்டதைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து வீட்டுப் பெண்கள் வறட்டி தட்டிச் சேர்ப்பார்கள். உடம்பைச் சுற்றி வறட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே களிமண் பூசி மூட்டம் போட்டால் மறுநாள் சாம்பல் அள்ளலாம். கடைசி நேரத்தில் வீடு வீடாகப் போய் ஈர வறட்டிக்கு நிற்காமல், முன்கூட்டியே காயவைத்து அடுக்கிவைப்பது அந்தப் பக்கத்தில் பொறுப்பான குடும்பத்துக்கு அடையாளம்.

"எத்தனை இருக்கும்?"

"நானூத்திச் சொச்சம்."

"ஒரு நபருக்கா?"

"அவுக ஆறடி உசரம் ஐயா."

சங்கரசுப்பு நோட்டில் எழுதினார். எழுதும்போது அவருக்கு முகம் வாடிவிட்டது. "ஒரு மனுசர் உயிரோடு இருக்கும்போது செலவழிக்காத சக்தியை, செத்த பிறகு ஒரே நாளில் செலவழிக்கிறார். இதை யாருமே கேக்கிறதில்லை. நாடு எங்கே உருப்படும்?"

உள்ளே இருந்து இருமலோடு குரல் வந்தது. "ஏட்டி, சீக்கிரமா எரிஞ்சிருதேன்னு சாரிட்ட சொல்லு. அப்படியே வடக்கோரத்து வரிசையைத் திருப்பிப் போடு. ஈரம் இருக்கு. என்னை அரைவேக்காடா விட்டிராத."

"பயனாளி பேசுறாரே," என்றார் சங்கரசுப்பு.

அந்த வார்த்தையைப் பேச்சி அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டாள். அது என்னவென்று கேட்பதற்குள் அவர் ஒரு தாளை நீட்டினார். "ஒரு கைரேகை வைங்க. உங்க வீட்டுக்குப் புகையில்லா அடுப்பு வருது."

"அடுப்புக்கா?"

"எல்லாத்துக்கும் சேர்த்து."

பேச்சி கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். ஜீப் புகையைத் தள்ளிவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

மாசியில் அடுப்பு வந்தது. கட்டியவர் பாதுஷா கொத்தனார், சங்கரன்கோவில்காரர். ஊரில் நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஒரே படத்தைப் பார்த்துக் கட்டச் சொல்லியிருந்தார்கள். படம் மெட்ராசில் வரைந்தது. அதில் அடுப்பின் வாய் பெரிசு, குழாய் சிறிசு. நாற்பத்தொரு வீட்டில் படத்தின்படியே கட்டினார். பெண்கள் ஒரு வாரம் கண்ணைக் கசக்கிவிட்டு, பழைய அடுப்பை வெளியே போட்டுக்கொண்டு, புதியதில் கோழியை அடை வைத்தார்கள். பேச்சி வீட்டில் மட்டும், சண்முகையா இருமுவதைக் கேட்டபடி வேலை செய்த பாதுஷா, படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் மனசுக்குத் தோன்றியபடி வாயைச் சிறிசாகவும் குழாயை உயரமாகவும் வைத்தார்.

"வெளியே சொல்லிராதீங்க மதினி. படத்துக்கு விரோதமா கட்டுனா பில் பாஸ் ஆகாது."

"புகையே வரலியே அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன். சொல்லிராதீங்க."

அடுப்பு வந்த மறுநாள் ஒரு டிராக்டர் வந்து வறட்டியை எல்லாம் ஏற்றிக்கொண்டது. மாதிரிக் கிராமத்தில் வறட்டி எரிப்பது கூடாது, சேமிப்பும் கூடாது என்று ஒரு ஆள் படித்துக் காட்டினான்.

"அப்ப அவுகளுக்கு?" என்று கேட்டாள் பேச்சி.

"அவுகளுக்குத்தான் தனியா ஏற்பாடு ஆகுதே," என்று அவன் டிராக்டரில் ஏறினான்.

என்ன ஏற்பாடு என்பது பங்குனி முதல் வாரம் பஞ்சாயத்துக் கட்டடத்து முன்னால் கூட்டம் போட்டபோது தெரிந்தது. தலைவர் இசக்கிப்பாண்டி சங்கரசுப்புக்குத் துண்டு போட்டார். ஜீப் ஓடிக்கொண்டிருந்ததால் பேச்சைச் சத்தமாகப் பேசவேண்டி இருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே. உங்கள் குளத்தாங்கரையில் சிக்கன மயானம் கட்டப் போகிறோம். செங்கல் சுவர், அடியில் இரும்புக் கம்பி, காற்றுப் போக வழி. வழக்கமாகச் செலவாவதில் பாதி எரிபொருள் போதும். இந்த மாவட்டத்திலேயே முதல். எங்கள் இலாகா மனுசனைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை கவனிக்கிறது என்று சொல்லுவார்கள். தப்பு. பிறப்பை நாங்கள் கவனிப்பதில்லை. அது வேறு இலாகா."

பெண்கள் பக்கத்திலிருந்து பூமாரி எழுந்தாள். பேச்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, வாய் அடங்காதவள். "சுடுகாடு கிடக்கட்டும் சார். தண்ணி மோட்டாருக்கு எப்ப லைன் குடுப்பீக? கிணறு தோண்டி, தெருக்குழாய் போட்டு ரெண்டு வருசமாச்சு. மோட்டார் வந்து ஒரு வருசமாச்சு. அதுல எலி குட்டி போட்டிருக்கு. நாங்க தண்ணிக்கு மூணு மைலு நடக்கோம்."

"நல்ல கேள்வி," என்றார் சங்கரசுப்பு. "சக்தியை மிச்சப்படுத்தினால்தான் கொடுக்க முடியும். மிச்சமே ஆகாத சக்தியை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்? அதனால் இலாகா ஒரு முடிவு பண்ணியிருக்கிறது. மயானம் திறந்து முதல் பயன்பாடு என்றைக்கோ, அன்றைக்கே மோட்டாருக்கு லைன். சித்திரை பதினைந்தாம் தேதி, காலை பத்தே முக்காலுக்கு, மெட்ராசிலிருந்து கூடுதல் இயக்குநர் வந்து திறக்கிறார்."

இசக்கிப்பாண்டிதான் கேட்டார். "தேதி குறிச்சிட்டீக. சரி. அன்னைக்கு ஆளு வேணுமே சார்?"

"பயனாளி ஏற்கெனவே தேர்வாகிவிட்டார். கைரேகையும் இருக்கிறது."

நாற்பத்திரண்டு வீட்டுத் தலைகளும் பேச்சி பக்கம் திரும்பின. ஒரு கிழவி மட்டும், "மகராசன், போறப்பவும் ஊருக்குத் தண்ணி குடுத்துட்டுப் போறாரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சி வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னாள். "நான் அடுப்புக்குன்னு நெனச்சு வச்சேன்."

"அதுவும் அடுப்புதானட்டி," என்றார் சண்முகையா.

மூன்றாம் நாள் பாதுஷா டேப்போடு வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று, டேப்பை எடுக்காமல் நெடுநேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்.

"என்னவே, மேல்சட்டைக்கா அளவெடுக்க வந்தீரு?" என்றார் சண்முகையா. "எடும். கூச்சப்படாதேயும்."

"மன்னிக்கணும் அண்ணாச்சி. படத்துல அஞ்சரை அடிதான் போட்டிருக்கு. நீங்க அதுக்கு மேல இருப்பீங்கன்னு தோணுச்சு."

அளந்தார். ஆறு அடி ஒரு அங்குலம். கூட வந்திருந்த சங்கரசுப்பு வாசலில் நின்று குறித்துக்கொண்டார். "படத்தை மாத்த முடியாது. மெட்ராசுக்கு எழுதி வர ஆறு மாசம் ஆகும்."

"அப்பம் நான் காலை மடக்கிக்கிடுதேன்," என்றார் சண்முகையா.

'பயனாளி முழு ஒத்துழைப்பு அளிக்கிறார்' என்று சங்கரசுப்பு எழுதினார். வேடிக்கை என்பது அவருக்குப் புரியாது என்று சொல்ல முடியாது. அதற்கு அவர் நோட்டில் பத்தி இல்லை.

போகிறபோது பாதுஷா பேச்சியிடம் மெதுவாகச் சொன்னார். "எங்கள்ல மண்ணுலதான் அடக்கம் மதினி. இது எனக்குக் கூலி வேலை. ஆனாலும் உயிரோட இருக்கவுகளை அளந்தது இன்னைக்குத்தான். சோறு இறங்காது."

அதற்குப் பிறகுதான் அந்தத் தப்பு நடந்தது. சண்முகையாவுக்கு இருமல் குறைய ஆரம்பித்தது.

வீட்டில் புகை இல்லை. முப்பது வருசமாக வேலிக்கருவை விறகின் புகையில் ஊறிக் கிடந்த வீடு அது. கூரையிலிருந்து ஒட்டடை கருப்பாகத் தொங்கும். இப்போது காற்று வந்து போனது. பங்குனி இரண்டாம் வாரம் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் வாரம் கஞ்சிக்குத் துவையல் கேட்டார். கடைசி வாரம் கம்பை ஊன்றிக்கொண்டு டீக்கடைக்கே போய்விட்டார்.

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, நடந்தே வந்துட்டீக?"

"நடந்துதான் வரணும். பல்லக்கு அனுப்புனாகளா?"

"இல்ல. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அப்படியா," என்றான் கேட்டவன். அடுத்தவனைப் பார்த்தான். அவன் டீயைப் பார்த்தான்.

சண்முகையா திரும்பி வரும் வழியில் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வந்த ஒரு பெண் நின்றாள். கீழத்தெரு மருமகள். "மாமா, எனக்கு இது ஏழாம் மாசம்," என்றாள். இடுப்புக் குடத்தைச் சரிசெய்துகொண்டாள். போய்விட்டாள்.

சண்முகையா வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்றார்.

சங்கரசுப்பு விசாரிக்க வந்தபோது சண்முகையா முற்றத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அலுவலர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது?"

"நல்லா ஆயிட்டாக ஐயா. நீங்க குடுத்த அடுப்புதான். புகை இல்லாததுனால நெஞ்சு தெளிஞ்சிருச்சு."

ஒரு நொடி சங்கரசுப்பு சந்தோசப்பட்டார். ஏழு வருச உத்தியோகத்தில் அவர் கொடுத்த எதுவும் வேலை செய்து அவர் பார்த்ததில்லை. நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மூடினார்.

"அடுப்புப் பிரிவு வேறேம்மா. அங்கே எத்தனை அடுப்பு கட்டினோம்னுதான் பத்தி. குணமானவங்களுக்குப் பத்தி இல்லை. நான் மயானப் பிரிவுக்கும் பொறுப்பு. அங்கே பத்தி இருக்கு." பேனாவைத் திறந்து, சொல்லிக்கொண்டே எழுதினார். "பயனாளியின் நிலையில்... பின்னடைவு. குணமாகி வருகிறார். உரிய நடவடிக்கை தேவை."

"என்ன நடவடிக்கை ஐயா?"

"அதை ஊர்தான் எடுக்கணும். இது மக்கள் பங்கேற்புத் திட்டம்."

மறுநாள் சாயங்காலம் பேச்சி வீட்டுச் சன்னலுக்கு வெளியே புகை எழுந்தது. பூமாரி பச்சைக் கருவை விறகும் வேப்பந்தழையும் போட்டு மூட்டியிருந்தாள்.

"ஏளா பூமாரி, என்ன செய்யுத?"

"கொசுவுக்கு மதினி."

"சுட்டெரிக்கிற கோடையில எங்கன இருந்துளா கொசு?"

"வரும்," என்றாள் பூமாரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிறினாள்.

மறுநாள் எதிர்வீட்டிலும் கொசு வந்தது. அதற்கு மறுநாள் பின்வீட்டில். புகையில்லாக் கிராமம் என்று பெயிண்டில் எழுதிய பலகைக்குக் கீழே தெரு முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. பேச்சி சன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டாள். நனைக்கத் தண்ணீர் மூன்று மைலிலிருந்து வரவேண்டும். சண்முகையா இருமினார். இருமல் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளியே விசிறுகிற சத்தம் ஒரு நிமிசம் நிற்கும். பிறகு தொடரும்.

யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பாடை கட்ட மூங்கில் வெட்டி வந்து பஞ்சாயத்துக் கட்டடத்தில் சாத்திவைத்தார்கள். ராயகிரியிலிருந்து மேளத்துக்குச் சொல்லிவிட்டார்கள். இசக்கிப்பாண்டி ஒரு நாள் தாமே வந்து, கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சண்முகம், நான் ஒண்ணும் சொல்ல வரல."

"சொல்லாத."

"ஊருக்கு ஒரு நல்லது நடக்கப் போகுது. பதினஞ்சாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாளு இருக்கு. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

"ஏன் தலைவரே, நீரு செய்யுமேன் அந்த நல்லதை?"

"எனக்குச் சோலி நெறைய கிடக்கே," என்றார் இசக்கிப்பாண்டி. அவர் மெய்யாகவே சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் பேச்சி சிவகிரி பஸ்ஸில் ஏறிச் சங்கரன்கோவிலுக்குப் போனாள். எரிசக்திச் சிக்கன அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. நல்ல வெயில் நேரம். சன்னல்களை எல்லாம் பைல் அடுக்கி மறைத்திருந்ததால் உள்ளே ஆறு டியூப் லைட் எரிந்தது. யாரும் உட்காராத நாற்காலிகளுக்கு மேலே மூன்று மின்விசிறி சுற்றியது. 'விளக்கை அணைத்து நாட்டைக் காப்பீர்' என்ற பலகைக்கு வெளிச்சம் போதவில்லை என்று அதற்குத் தனியாக ஒரு பல்பு போட்டிருந்தார்கள்.

இருந்தவள் எழுத்தர் ஞானசெல்வி ஒருத்திதான்.

"எங்க வீட்டு ஆளு பேரை எடுத்துருங்கம்மா," என்றாள் பேச்சி. "அவுக நல்லா இருந்தாக. இப்ப ஊரே சேந்து இரும வைக்குது."

ஞானசெல்வி ரிஜிஸ்டரைப் புரட்டினாள். நல்ல பெண். பேச்சிக்கு ஒரு ஸ்டூலைக்கூட இழுத்துப் போட்டாள். "பேரை எடுக்கலாம்மா. அதுக்கு விதி இருக்கு. பயனாளி இறந்துட்டா எடுத்துரலாம்."

"இறந்தா எடுத்துருவீகளா?"

"உடனே. மறுநாளே எடுத்துருவோம்."

"உசுரோட இருந்தா?"

"எடுக்க முடியாது. ஆனா மாத்தலாம்." ஒரு தாளை உருவினாள். "பதினேழாம் நம்பர் படிவம். இந்தக் கட்டத்துல உங்க ஊர்க்காரங்க வேற யாராவது ஒருத்தர் பேரு. கீழே உங்க கைரேகை. அவ்வளவுதான். திறப்புவிழா அன்னைக்குக் குடுத்தாக்கூடச் செல்லும்."

"நான் யாரு பேரைம்மா போடுவேன்?"

"அது உங்க இஷ்டம். அதுல நாங்க தலையிட மாட்டோம்."

"அவுககிட்டக் கேக்க வேண்டாமா?"

ஞானசெல்வி விதிப் புத்தகத்தை எடுத்து, விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். "கேக்கணும்னு போடலயேம்மா," என்றாள். அவளுக்கே அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பேச்சிக்கு டீ சொல்லட்டுமா என்று கேட்டாள்.

பேச்சி படிவத்தை நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். அவள் இறங்குவதற்கு முன்னாலேயே செய்தி ஊருக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. தெருவில் நுழைந்தபோது புகை இல்லை. மூட்டம் போட்ட இடங்களில் எல்லாம் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். மூன்று மைலிலிருந்து சுமந்த தண்ணீர்.

பூமாரி ஒரு கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். "அண்ணாச்சிக்கு நாட்டுக்கோழி ரசம் மதினி. நெஞ்சுக்கு நல்லது."

"கொசு போயிருச்சாளா?"

"போயிருச்சு." பூமாரி குரலைத் தாழ்த்தினாள். "மதினி, எனக்கு ரெண்டும் பொட்டப்பிள்ளை. இன்னும் கட்டிக் குடுக்கல. பாத்துக்கிடுங்க." கொஞ்சம் பொறுத்து, "மேலத்தெருவுல கண்ணு தெரியாம ஒரு பெரியாளு கிடக்காரு. அவருக்கு யாரும் இல்ல. சும்மா சொன்னேன்," என்றாள்.

அப்படியே வந்தார்கள். ஒருவர் முட்டை கொண்டுவந்தார். ஒருவர் மோர். எல்லோரும் தங்கள் உடம்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னார்கள். முற்றத்தில் நின்று குனிந்து நிமிர்ந்து காட்டினான் ஒருவன். பிறகு, போகிறபோக்கில், வேறொருவர் உடம்பைப் பற்றிச் சொன்னார்கள். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவில் யாருக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவில் யாருக்கு நெஞ்சுவலி வந்து மறைத்தார்கள் என்று சொன்னார்கள். மாமியார் இருக்கும்போது மருமகள் வந்தாள், மருமகள் போனபின் மாமியார் வந்தாள். இசக்கிப்பாண்டி ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து, தமக்குக் கிடக்கிற சோலிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அத்தனை நாளில் சண்முகையா இரண்டு படி தேறிவிட்டார். கவனிப்பு அப்படி.

பதினான்காம் தேதி சாயங்காலம் அவர் கேட்டார். "யாரு பேரைப் போடப் போற?"

"யாரு பேரைப் போடட்டும்?"

"என்னைக் கேக்காத. நான் சொன்னா ஒண்ணு ரெண்டுல நிக்காது. புகை போட்டவன் மொகமெல்லாம் கண்ணுக்குள்ள இருக்கு."

"எனக்கும் இருக்கு."

"அப்பம்?"

பேச்சி படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கட்டம் தெரிந்தது. காலியாக, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நீளமாக இருந்தது.

"பூமாரி பேரைப் போடலாம்னு நெனச்சேன். அந்தப் பிள்ளைக ரெண்டும் கண்ணுக்கு முன்னால வந்து நிக்குது. அந்தக் கண்ணு தெரியாதவரை நெனச்சேன். அவரு எனக்கு என்ன செஞ்சாரு? என்னால முடியாதுங்க. ரேகையை வச்சுட்டுக் கட்டத்தை அப்படியே விட்டுருதேன். உங்க பேரும் வேண்டாம், ஒருத்தர் பேரும் வேண்டாம்."

"லைன் வராதேட்டி."

"இன்னும் கொஞ்ச நாளு நடப்போம்."

சண்முகையா அவளைப் பார்த்தார். "அந்த ஏழாம் மாசத்துக்காரிக்கு நீயே போய்ச் சொல்லு," என்றார். ஆனால் அவரே எழுந்து மைக்கூட்டை எடுத்துக் கொடுத்தார்.

சித்திரை பதினைந்தாம் தேதி, பத்தே முக்காலுக்குக் குளத்தாங்கரையில் பந்தல். செங்கல் மயானத்துக்குத் தோரணம் கட்டி, வாசலில் வாழைமரம் நட்டிருந்தார்கள். ராயகிரி மேளம் எந்த அடி அடிப்பது என்று தெரியாமல் கல்யாண மேளமாகவே அடித்தது. கூடுதல் இயக்குநர் வெள்ளைக் காரில் வந்தார். வெயிலுக்காகக் காரின் கண்ணாடியை ஏற்றி, உள்ளே குளிர்பதனம் ஓட, அது நின்றுபோகாமல் இருக்க இஞ்சினையும் அணைக்கவில்லை. ஜீப்பும் காரும் பக்கத்தில் பக்கத்தில் உறுமின. சண்முகையா முன்வரிசையில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

பேச்சி படிவத்தைக் கொடுத்தாள். சங்கரசுப்பு விரித்தார். திருப்பிப் பார்த்தார். வியர்த்துவிட்டது அவருக்கு.

"பேரு எங்கேம்மா?"

"யாரு பேரும் இல்ல ஐயா."

"காலியா இருக்கு."

"ஆமா."

கூடுதல் இயக்குநர் கை நீட்டி வாங்கினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். மேலே ஊர்ப் பெயர் இருந்தது, கீழே கைரேகை இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. மேளம் நின்றது. ஊர் முழுக்கப் பேச்சியைப் பார்த்தது. கூடுதல் இயக்குநர் மெல்ல எழுந்து மைக் அருகே போனார்.

"எத்தனையோ மாதிரிக் கிராமங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பயனாளி முன்வருவதே கஷ்டம். நான் வயசானவன் இல்லை, எனக்கு நோயில்லை என்று ஆயிரம் காரணம் சொல்லுவார்கள். இங்கே ஒரு தாய், தனியாக ஒருத்தர் பெயரைக் குறிப்பிடாமல், ஊரையே ஒப்படைத்திருக்கிறார். தனிநபர் பெயர் இல்லாத படிவம் அனைவருக்கும் பொருந்தும் என்று விதியில் இருக்கிறது. அந்த விதியை எழுதியவன் நான். இதுவரை யாரும் பயன்படுத்தவில்லை." குரல் தழுதழுத்தது. "நாற்பத்திரண்டு வீடு. நூற்றுத் தொண்ணூறு பேர். அனைவரும் பயனாளிகள். நூற்றுக்கு நூறு. இவர்களில் ஒருவர்கூடத் திட்டத்தை விட்டுத் தப்பிப் போக முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டாருக்கு இப்போதே லைன் கொடுங்கள். முப்பது நாள் தற்காலிகமாக. அதற்குள் முதல் பயன்பாடு நடந்துவிட்டால் நிரந்தரம்."

லைன் என்ற சொல் காதில் விழுந்ததும் ஊர் கைதட்டியது. தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிரண்டு கைகள் நின்றன. பிறகு இன்னும் சில. ஆனாலும் முழுக்க நிற்கவில்லை. அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் குடத்தைத் தேடி ஓடினார்கள்.

"யார் முதலில் சார்?" என்று சங்கரசுப்பு காருக்குள் குனிந்து கேட்டார்.

"இதிலென்ன குழப்பம்? கதவு எண் வரிசைதான்," என்றார் கூடுதல் இயக்குநர். கண்ணாடி மேலேறியது.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சங்கரசுப்பு புது நோட்டோடு வந்தார். கீழப்பாறைக்குளத்தில் கதவு எண் ஒன்று பஞ்சாயத்துத் தலைவர் வீடு. தெருக்குழாயும் அந்த வீட்டுக்கு எதிரில்தான் இருந்தது. தலைவர் குழாய்க்கு இடம் கொடுத்து வாங்கிக்கொண்ட வசதி. குழாயடியில் முப்பது நாற்பது குடம் வரிசையில் இருந்தன. தண்ணீர் கட்டை விரல் தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது.

இசக்கிப்பாண்டி பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"வணக்கம் தலைவரே. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றார் இசக்கிப்பாண்டி. குழாயடி வரைக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார். "ரொம்ப நல்லா இருக்கு சார்."

"தூக்கம்?"

"நல்லாத் தூங்குதேன்."

"அம்பத்தெட்டு வயசுன்னு போட்டிருக்கு."

"அம்பத்தேழுதான். இன்னும் ஆவணி வரல."

சங்கரசுப்பு எழுதினார். வரிசையில் இருந்த பெண்கள் தலைவரையே பார்த்தார்கள். ஒரு குடம் நிரம்பியது, அடுத்த குடம் வந்தது. இசக்கிப்பாண்டிக்குத் தொண்டையில் லேசாக ஏதோ கரகரத்தது. செரும வேண்டும் போலிருந்தது. எதிரே பார்த்தார். செருமாமல் அப்படியே விழுங்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

பேச்சியின் முறை வந்தது. குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தாள். குனிந்தபடியே நிரம்புகிறதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தலையைத் தூக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முக்கால் குடம் நிரம்புவதற்குள் நிமிர்ந்து, எல்லோரையும் போலவே அவளும் தலைவரைப் பார்த்தாள்.